சரவுண்ட் ஸ்பீக்கரை எங்கே மாட்டுவது: கதவும் சுவிட்ச் போர்டும் குறுக்கே நின்ற ஓர் அறையில்

சரவுண்ட் ஸ்பீக்கர் மாட்டலாம் என்று முடிவெடுத்ததும் எல்லோருடைய கண்ணும் அறையின் பின் மூலைகளுக்குத்தான் போகும். இரண்டு மூலை, இரண்டு ஸ்பீக்கர். வயர் சுவரோரமாக மறைந்துவிடும், பார்வைக்கும் லட்சணமாக இருக்கும். ஆனால் 5.1 ஒலிப்பதிவுக்கு (முன்னால் மூன்று ஸ்பீக்கர், சுற்றொலிக்கு இரண்டு சரவுண்ட், அடித்தொனிக்கு ஒரு சப்வூஃபர்) அறையின் மூலை ஒரு பொருட்டே இல்லை. அதன் கணக்கு முழுவதும் உட்கார்ந்திருப்பவரின் தலையிலிருந்து தொடங்குகிறது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூவின் பிஎஸ் 775 பரிந்துரைப்படி சென்டர் நேர் முன்னே 0 டிகிரி, முன் ஸ்பீக்கர்கள் இருபுறமும் 30 டிகிரி, சரவுண்ட் இரண்டும் 100 முதல் 120 டிகிரிக்குள். அதாவது காதுக்கு நேர் பக்கவாட்டிலிருந்து கொஞ்சம் பின்னால். முதுகுக்குப் பின்னால் அல்ல. 7.1 வைத்திருந்தால்தான் 135 முதல் 150 டிகிரியில் இன்னொரு ஜோடிக்கு வேலை உண்டு.

நான் வேலை செய்த அறை 3.4 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் நீளம். மூன்று பேர் உட்காரும் சோபா. நடு இருக்கையில் உட்கார்ந்தால் காதிலிருந்து திரைக்கு 2.6 மீட்டர், பின்சுவருக்கு 2 மீட்டர். முன் ஸ்பீக்கர்களும் சென்டரும் ஏற்கனவே இடம் பிடித்துவிட்டன, அவற்றைத் தொடவில்லை. இடப்பக்கச் சுவர் முழுச்சுவர். வலப்பக்கம்தான் சிக்கல்: இருக்கையின் நேர்கோட்டிலிருந்து 45 செ.மீ. பின்னால் கதவு நிலை தொடங்குகிறது, அதற்கு முன்னால் சுவிட்ச் போர்டு உட்கார்ந்திருக்கிறது.

சுவரில் துளை போடும் முன் ஒரு வேலை செய்தேன், இதை எல்லோருக்கும் வற்புறுத்திச் சொல்வேன். இரண்டு மடக்கு ஏணிகளின் உச்சியில் ஸ்பீக்கர்களைக் கயிறு போட்டுக் கட்டி, வயரைத் தரையில் ஓடவிட்டு, ஒவ்வோர் இடமாக நகர்த்திக் கேட்டேன். ஒவ்வொரு முறையும் ரிசீவரின் (எல்லா ஸ்பீக்கருக்கும் ஒலியைப் பிரித்து அனுப்பும் பெட்டி) சோதனை இரைச்சலை ஓட்டி, நடு இருக்கையில் ஒரே அளவு வரும்படி லெவலைச் சரிசெய்தேன். இதைச் செய்யாவிட்டால் எந்த இடத்தில் சத்தம் அதிகமோ அந்த இடமே நல்லது என்று தோன்றிவிடும்.

கேட்டவை இரண்டே இரண்டு துணுக்குகள். ஒன்று, சுற்றிலும் மழை பெய்யும் காட்சி. இன்னொன்று, முன் இடப்பக்கத்திலிருந்து பின்னால் கடந்துபோகும் வண்டிச் சத்தம். ஸ்பீக்கர்கள் பின் மூலையில், கிட்டத்தட்ட 140 டிகிரியில் இருந்தபோது வண்டி முன்னாலிருந்து கிளம்பியது, நடுவில் காணாமல் போனது, அப்புறம் முதுகுப் பக்கம் திடீரென்று முளைத்தது. மழை முன்னால் ஒரு கூட்டமாகவும் பின்னால் ஒரு கூட்டமாகவும் பெய்தது. காரணம் இருக்கிறது. முன்னால் உள்ள இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவே, ஸ்பீக்கரே இல்லாத இடத்திலிருந்து பாடகர் பாடுவதாக நம் காது எளிதில் நம்பிவிடும். பக்கவாட்டில் அந்த வித்தை சரியாக எடுபடாது. முன் ஸ்பீக்கருக்கும் சரவுண்டுக்கும் இடைவெளி கூடக்கூட நடுவில் ஒரு பள்ளம் விழுந்துவிடும். அதோடு, தலைக்கு நேர் பின்னால் நெருக்கமாக இரண்டு ஸ்பீக்கர் இருந்தால் ஒலி முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்று காதே சில சமயம் குழம்பும். நேர் முன்னும் நேர் பின்னும் இரண்டு காதுக்கும் ஒலி ஒரே நேரத்தில், ஒரே அளவில் வந்து சேர்வதுதான் அதற்குக் காரணம்.

ஏணிகளை 110 டிகிரிக்குக் கொண்டுவந்தேன். வலப்பக்க ஏணி கதவுத் திறப்புக்குள்ளேயே நின்றது, கேட்டுப் பார்க்க அது போதும். வண்டி காதோரமாகக் கடந்து போனது. மழை ஒரே மழையானது. 100 டிகிரிக்கு நகர்த்தினேன். பின்னால் சூழ்ந்திருக்கும் உணர்வு ஒரு பிடி குறைந்தது, ஆனால் கடந்துபோகும் ஒலி இன்னும் கோர்வையாக இருந்தது. 110க்கும் 100க்கும் உள்ள வித்தியாசம் சின்னது. 110க்கும் 140க்கும் உள்ள வித்தியாசம் யாருக்கும் கேட்கும்.

இதைக் கேட்ட பிறகு கதவு அத்தனை பெரிய தடையாகத் தெரியவில்லை. கணக்கு எளிது. நடு இருக்கையிலிருந்து பக்கச் சுவர் 1.7 மீட்டர். ஆனால் சுவரை வைத்து அளக்கக் கூடாது. பிராக்கெட்டும் பெட்டியும் சேர்ந்து ஸ்பீக்கரின் முகம் சுவரிலிருந்து 20 செ.மீ. உள்ளே வந்துவிடும். ஆகவே 1.5 மீட்டர் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். 110 டிகிரி என்றால் பக்கவாட்டுக் கோட்டிலிருந்து 20 டிகிரி பின்னால், 1.5 மீட்டரை 0.364ஆல் (20 டிகிரியின் டேன்ஜென்ட்) பெருக்கினால் 55 செ.மீ. அது கதவுத் திறப்புக்குள் விழுகிறது. 100 டிகிரிக்கு 0.176ஆல் பெருக்கினால் 26 செ.மீ. அது சுவரில் விழுகிறது. இடப்பக்கம் 110, வலப்பக்கம் 100 என்று பிரித்து வைக்கலாமே என்று கேட்கலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு சரவுண்டும் சேர்ந்து உருவாக்கும் சூழல் ஒரு பக்கமாகச் சாயக் கூடாது. பரிந்துரையின் எல்லைக்குள்ளேயே இருக்கும் 100 டிகிரியை இருபுறமும் எடுத்துக்கொண்டேன்.

இந்தக் கோட்டைச் சுவரில் கொண்டுவர லேசர் கருவி எதுவும் தேவையில்லை. திரையின் நடுவிலிருந்து, தலை இருக்கும் இடத்தைத் தொட்டு, பின்சுவர் வரை ஒரு நூலை இழுத்துக் கட்டினேன். தலை இருக்கும் புள்ளியில் கொத்தனார்கள் மூலைமட்டம் பார்க்கும் அதே 3-4-5 முறை: நூலில் 90 செ.மீ., குறுக்கே 120 செ.மீ., இரண்டு முனைக்கும் நடுவே 150 செ.மீ. வந்தால் சரியான செங்கோணம். அந்தக் குறுக்குக் கோட்டை இருபுறச் சுவர் வரை நீட்டி, தூக்குக்குண்டு தொங்கவிட்டு, மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் பென்சிலால் குறித்தேன். சுவரில் நேராகக் குறிப்பதைவிட டேப்பில் குறிப்பது நல்லது. அளவு மாறினால் உரித்துவிட்டு மறுபடி ஒட்டலாம்.

இப்போது சுவிட்ச் போர்டு. அது கோட்டிலிருந்து 20 முதல் 40 செ.மீ. வரை இடத்தைப் பிடித்திருந்தது. 26 செ.மீ. புள்ளி அதற்கு நேர் மேலே. சுவிட்ச் போர்டுக்கு மேலே, கீழே, அதே மட்டத்தில் பக்கவாட்டில் துளை போடுவது என்பது கரண்ட் வயர் மீது சூதாடுவது. சுவருக்குள் பைப் போடுபவர்கள் பெரும்பாலும் போர்டிலிருந்து நேராக மேலே ஏற்றிவிடுவார்கள். வயர் கண்டறியும் கருவியை வைத்துப் பார்த்தேன், போர்டின் நடுவிலிருந்து மேலே கூரைவரை சத்தம் கொடுத்தது. அதுவும் நூற்றுக்கு நூறு நம்பத் தக்கது அல்ல. அதனால் போர்டின் அகலம் முழுவதையும், கூரைவரை, தொடக் கூடாத பட்டையாக ஒதுக்கிவிட்டேன்.

வழி பிராக்கெட்டில் கிடைத்தது. சுவரோடு ஒட்டி, வெறும் கோணம் மட்டும் திருப்பும் குட்டை பிராக்கெட்டுக்குப் பதில், பக்கவாட்டில் மடங்கும் கை உள்ளதை எடுத்தேன். அதன் அடித்தகட்டைக் கோட்டிலிருந்து 10 செ.மீ. பின்னால் பதித்தேன், அங்கே எந்த வயரும் இல்லை. கையைப் பின்பக்கமாக 16 செ.மீ. மடக்கினால் ஸ்பீக்கர் முகம் 26 செ.மீ.யில் வந்து நிற்கிறது. துளை ஒரு இடம், ஸ்பீக்கர் இன்னோர் இடம். இடப்பக்கத்துக்குத் தேவையில்லை என்றாலும் அதே பிராக்கெட்டையே போட்டேன், பின்னால் நகர்த்த வேண்டி வந்தால் உதவும்.

அடுத்தது உயரம். உட்கார்ந்தால் என் காது தரையிலிருந்து ஒரு மீட்டர். 5.1க்குக் காதைவிட 60 முதல் 90 செ.மீ. உயரத்தில் சரவுண்ட் வைப்பது நெடுநாள் வழக்கம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் தலை மறைக்காது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் ஓர இருக்கை. ஓரத்தில் உட்காருபவருக்கு ஒரு ஸ்பீக்கர் காதுக்கு அருகே, மற்றது தூரத்தில். என் அறையில் இரண்டும் காது மட்டத்தில் இருந்தால், தூரத்தின் விகிதத்தை வைத்துப் பார்க்கும்போது ஓர இருக்கையில் அருகிலுள்ளது 7 டெசிபல் கூடுதலாக வரும். 85 செ.மீ. உயர்த்தினால் அது சுமார் 5 டெசிபலாகக் குறைகிறது. உயர்த்துவது மட்டும் முழுத் தீர்வு இல்லை என்பது இந்த எண்களிலேயே தெரிகிறது. மீதியைத் திசை பார்த்துக்கொள்ளும். ஸ்பீக்கரை நடு இருக்கையின் தலைக்குக் குறி வைக்காமல், எதிர்ப்பக்க ஓர இருக்கையின் தலைக்குக் குறி வைத்தேன். அருகில் இருப்பவர் ட்வீட்டரின் (உயர்ந்த ஒலிகளைத் தரும் சின்ன ஸ்பீக்கர்) நேர்முகத்திலிருந்து விலகிவிடுகிறார், அதனால் அவருக்குக் கூர்மையான ஒலி அடங்குகிறது. தூரத்தில் இருப்பவருக்கு நேராகப் போகிறது.

85 என்ற எண்ணைக் கடைசியில் முடிவு செய்தது கதவுதான். சோபாவுக்கும் வலச்சுவருக்கும் நடுவில் ஆள் நடக்கும் வழி. ஸ்பீக்கரின் அடிப்பாகம் தலைக்கு மேல் இருந்தே ஆக வேண்டும். பெட்டியை வழக்கம்போல நிமிர்த்தி வைத்தால் ட்வீட்டர் உச்சியில், அதாவது ஏறத்தாழ 2 மீட்டருக்குப் போய்விடும். ஆகவே இரண்டையும் தலைகீழாக மாட்டினேன். ட்வீட்டர் கீழே வந்தது, 1.85 மீட்டர், பெட்டியின் அடி 1.77 மீட்டர். பிராக்கெட் திருகும் மரை பெட்டியின் முதுகில் நடுவில் இருந்ததால் எப்படி வேண்டுமானாலும் திருப்ப முடிந்தது. கூரையிலும் ஸ்பீக்கர் வைத்து டால்பி அட்மாஸ் செய்யும் எண்ணம் இருப்பவர்கள் மட்டும் இந்த உயரத்துக்குப் போக வேண்டாம். அவர்களுக்குச் சரவுண்ட் காது மட்டத்தை ஒட்டி இருந்தால்தான் மேலே ஓர் அடுக்கு, கீழே ஓர் அடுக்கு என்று பிரிந்து கேட்கும்.

பிராக்கெட்டின் பலம் பற்றி ஒரு வார்த்தை. அட்டையில் போட்டிருக்கும் எடை அளவை மட்டும் பார்த்தால் போதாது. என் ஸ்பீக்கரும் கையும் சேர்ந்து 4 கிலோ. அது சுவரிலிருந்து 20 செ.மீ. தள்ளித் தொங்குகிறது. அடித்தகட்டின் மேல் திருகுக்கும் கீழ் விளிம்புக்கும் 8 செ.மீ. இடைவெளி. 4ஐ 20ஆல் பெருக்கி 8ஆல் வகுத்தால் 10. மேல் திருகைச் சுவரிலிருந்து பிடுங்கப் பார்க்கும் விசை 10 கிலோவுக்குச் சமம். கை நீளம் கூடினால் இது அதே விகிதத்தில் ஏறும். நல்ல செங்கல் சுவருக்கு இது ஒன்றுமில்லை. பூச்சில் மட்டும் பிடித்து நிற்கும் பிளக்குக்கு (திருகு பிடிக்கச் சுவர்த் துளையில் செருகும் பிளாஸ்டிக் உறை) நாளடைவில் ஆபத்து.

அதனால் துளையில் அவசரம் கூடாது. முதலில் 5 மி.மீ. பிட், டிரில்லின் ஹேமரை (இடித்துத் துளைக்கும் இயக்கம்) நிறுத்திவிட்டு மெதுவாக. பிட்டில் 65 மி.மீ. அளவுக்கு டேப் சுற்றிக்கொண்டேன்: பூச்சுக்கு 15, பிளக்குக்கு 40, தூள் தங்க 10. துளைக்குக் கீழே ஒரு காகித உறையைத் திறந்து ஒட்டினால் தூள் அதில் விழும். தரை சுத்தமாக இருக்கும் என்பது மட்டுமல்ல, தூளைப் பார்த்தே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடலாம். முதலில் சாம்பல் நிறத்தில் மாவு போல வந்தது, அது பூச்சு. பிறகு பிட் கொஞ்சம் எதிர்த்தது, தூள் சிவந்தது: செங்கல். இடப்பக்கத்தில் ஒரு துளையில் சிவக்கவே இல்லை. சாம்பலாகவே, சிரமமில்லாமல் உள்ளே போனது. அது இரண்டு செங்கலுக்கு நடுவில் உள்ள கலவைச் சந்து. அதில் பிளக் இறுக்கமாகப் பிடிக்காது. தகட்டையே 3 செ.மீ. மேலே ஏற்றிக் குறித்தேன், சிவந்த தூள் வந்தது. மட்டம் மாறக் கூடாதே என்று வலப்பக்கத்தையும் அதே உயரத்துக்கு ஏற்றி, கையின் சாய்வில் அந்த 3 செ.மீ.யை ஈடுகட்டினேன்.

அதன் பிறகு 8 மி.மீ. பிட், ஹேமரோடு. துளையை ஊதிச் சுத்தம் செய்து, 8 மி.மீ. பிளக்கைச் சுவர்முகத்தோடு நிறுத்தாமல், ஒரு ஆணியின் தலையால் தட்டிப் பூச்சைத் தாண்டி உள்ளே தள்ளினேன். விரிவது செங்கலுக்குள் விரிய வேண்டும். பூச்சுக்குள் விரிந்தால் பூச்சு உப்பி உடையும். 5 மி.மீ. திருகு, 60 மி.மீ. நீளம். கடைசிச் சுற்றுகளைக் கையால் முறுக்கினேன், இறுகுவது விரலுக்குத் தெரியும். உள்ளே வெற்றிடம் உள்ள ஹாலோ பிளாக் சுவராக இருந்தால் ஹேமரே போடக் கூடாது, உள்சுவர் உடைந்துவிடும். ஜிப்சம் போர்டு என்றால் உள்ளே இருக்கும் சட்டத்தைத் தேடிப் பிடித்து அதில்தான் திருக வேண்டும். வெறும் பலகையில் நீளக் கை உள்ள பிராக்கெட் வைக்கவே வேண்டாம்.

வயர் வேலை சீக்கிரம் முடிந்தது. 1.5 சதுர மி.மீ. செம்பு, வலப்பக்கம் 9 மீட்டர், இடப்பக்கம் 12 மீட்டர். இரண்டும் ஒரே நீளமாக இருக்க வேண்டும் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு, தேவையே இல்லை. நீளமான 12 மீட்டரில் போக வர 24 மீட்டர், மின்தடை சுமார் 0.3 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 5 சதவீதம், அதாவது 0.4 ஓமுக்குள் இருந்தால் போதும். கவனிக்க வேண்டியது வேறு: செம்பு முலாம் பூசிய அலுமினிய வயர் அதே தடிமனில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு மின்தடை கொண்டது. நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். கரண்ட் வயர் போகும் பைப்புக்குள் ஸ்பீக்கர் வயரை நுழைக்கக் கூடாது. கதவுக்கு மேலே கேசிங் பட்டியில் கொண்டுபோனேன். சுவிட்ச் போர்டிலிருந்து ஏறும் வயரைக் கடக்கும் இடத்தில் செங்கோணமாகக் கடந்தது. ஸ்பீக்கர் பக்கம் ஒரு முழம் வயரை மிச்சம் விட்டேன், கையைத் திருப்பும்போது இழுபடாது.

ரிசீவரில் சொருகும் முன் இரண்டு சோதனை. மல்டிமீட்டரை வயரின் ரிசீவர் முனையில் வைத்தால் 8 ஓம் ஸ்பீக்கர் பொதுவாக 6 ஓம் போலக் காட்டும். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் எங்கோ ஒரு இழை இன்னொன்றைத் தொடுகிறது. எதுவுமே வராவிட்டால் அறுந்திருக்கிறது. அடுத்தது 1.5 வோல்ட் பேட்டரி. பிளஸ் பக்கத்தைச் சிவப்பு வயரிலும் மைனஸைக் கறுப்பிலும் ஒரு கணம் தொட்டெடுத்தால் ‘டப்’ என்று சத்தம் வரும், வூஃபர் (தாழ்ந்த ஒலிகளைத் தரும் பெரிய கூம்பு) வெளிப்பக்கம் தள்ளும். உள்ளே இழுத்தால் துருவம் மாறியிருக்கிறது. இந்தச் சோதனை சரவுண்டுக்கு மிக முக்கியம். முன் ஸ்பீக்கரில் துருவம் மாறினால் குரல் கலைந்து உடனே தெரிந்துவிடும். சரவுண்டில் மாறினால் ஏதோ சரியில்லை என்ற அளவில் வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்.

கடைசியாக ரிசீவர் அமைப்பு. நடு இருக்கையில் காது இருக்கும் இடத்திலிருந்து ஸ்பீக்கர் முகத்துக்கு டேப்பை நேராக இழுத்து அளந்தேன். சரவுண்ட் இரண்டும் 1.75 மீட்டர், முன் ஸ்பீக்கர்கள் 2.9 மீட்டர். ஒலி ஒரு மீட்டர் கடக்க கிட்டத்தட்ட 3 மில்லிசெகண்ட் ஆகும். அப்படியே விட்டால் சரவுண்டின் ஒலி 3 மில்லிசெகண்டுக்கு மேல் முந்தி வந்துவிடும். ஒரே ஒலி இரண்டு திசையிலிருந்து வந்தால் முதலில் வந்த திசையையே காது பிடித்துக்கொள்ளும். ஹெல்முட் ஹாஸ் 1949இல் தன் ஆய்வேட்டில் அளந்து காட்டியது இந்த வகை விளைவைத்தான். தூரத்தைச் சரியாகக் கொடுத்துவிட்டால் ரிசீவர் அருகில் இருப்பதைத் தாமதப்படுத்தி எல்லாவற்றையும் ஒன்றாகக் கொண்டுவந்து சேர்க்கும்.

தானியங்கி அளவீட்டையும் ஓட்டினேன், மைக்கை முக்காலியில் காது உயரத்தில் நிறுத்தி, மின்விசிறியை அணைத்துவிட்டு. சோபாவின் முதுகில் மைக்கைச் சாய்த்து வைத்தால் மெத்தையில் பட்டுத் திரும்பும் ஒலியும் கணக்கில் சேர்ந்துவிடும். அது கொடுத்த தூரங்கள் டேப் அளவோடு ஒத்துப்போயின. சரவுண்டின் கிராஸ்ஓவரை (எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லை) மட்டும் 60 ஹெர்ட்ஸ் என்று வைத்திருந்தது. சின்ன வூஃபர் அதைத் தாங்காது. 100க்கு ஏற்றினேன், கீழே உள்ளதைச் சப்வூஃபர் எடுத்துக்கொண்டது. ரிசீவர் சொன்னதைவிடக் கிராஸ்ஓவரை உயர்த்துவதில் பாதகமில்லை, தாழ்த்தத்தான் கூடாது. பிறகு ஒலிமானியை சி வெயிட்டிங்கிலும் (தாழ்ந்த ஒலியையும் பெரும்பாலும் குறைக்காமல் கணக்கிடும் முறை) ஸ்லோவிலும் (எண் மெதுவாக மாறும் நிலை) வைத்து, ஒவ்வொரு ஸ்பீக்கரும் 75 டெசிபல் வருகிறதா என்று பார்த்தேன். சரவுண்டைக் கொஞ்சம் தூக்கி வைத்தால் காசுக்கு மதிப்பு தெரியும் என்று பலர் 3 டெசிபல் கூட்டிவிடுவார்கள். படம் பார்க்கும்போது கை காட்டி ‘அதோ, அந்த ஸ்பீக்கர்’ என்று சொல்ல முடிந்தால் அது படத்தைக் கெடுக்கிறது. சமமாகவே விட்டேன்.

வலப்பக்கக் கதவு திறந்திருந்தால் என்ன ஆகும் என்று தனியாகப் பார்த்தேன். சோதனை இரைச்சலில் மானி கிட்டத்தட்ட அசையவில்லை, ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் ஒலிதான் அங்கே பெரும்பங்கு. ஆனால் மழைக் காட்சியில் வலப்பக்கம் சற்று வறண்டு கேட்டது, சுவரில் பட்டுத் திரும்ப வேண்டியது வெளியே போய்விடுகிறது. கதவைச் சாத்தினால் சரியாகிவிடும்.

எல்லாம் முடிந்ததும் 40 ஹெர்ட்ஸிலிருந்து 300 வரை மெதுவாக ஏறும் ஒலியை ஓட்டி அறையைச் சுற்றி நடந்தேன். ஏறத்தாழ 140இல் இடப்பக்க பிராக்கெட் கிறுகிறுத்தது. கையின் மூட்டில் ஒரு மெல்லிய ரப்பர் வாஷர் போட்டதும் நின்றது. மூட்டுகளில் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறேன். எடையில் கை சரிந்தாலும், தூசி தட்டும்போது யாராவது திருப்பிவிட்டாலும், இரண்டு கோடுகளும் விலகி நிற்கும். பழைய இடத்துக்குத் திருப்பி, திருகை அரைச்சுற்று இறுக்கினால் போதும்.